ஏடு பேசுவதில்லை



எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன, வெறியர்கள் செய்கிற கொலைக்கும் வேதங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவது, கிறிஸ்தவ அன்பர்களும் முஸ்லிம் அன்பர்களும் அருகருகே வீற்றிருக்கிற இத்தகைய சபையில் எனக்கு மிக எளிதான காரியமாக இருக்கும். கேட்கிற உங்களுக்கும் அது இதமாக இருக்கும். ஆனால் கொல்லுகிறவன் வேத வசனத்தை உதட்டில் வைத்துக்கொண்டே கொல்லுகிறான் என்பதும், செத்தவனுடைய தாய் பல சமயம் அதே வேதத்தை மடியில் வைத்துக்கொண்டே அழுகிறாள் என்பதும் சரித்திரம் நெடுகிலும் காணக் கிடக்கிற உண்மையாக இருக்கையில், சம்பந்தமே இல்லை என்று சொல்வது செத்தவர்களுக்குச் செய்கிற துரோகம் என்று நான் கருதுகிறேன். ஆகவே அந்தச் சம்பந்தம் எத்தகையது, அது எங்கே உண்டாகிறது, அதற்கு யார் பொறுப்பாளி என்பதை இன்று உங்கள் முன்னிலையில் சற்று விவரமாகவே பேச விரும்புகிறேன்.

கி.பி. 657ஆம் ஆண்டில், யூப்ரடீஸ் நதிக்கரையில் ஸிஃப்பீன் என்னுமிடத்தில், நபிகள் நாயகத்தின் மருமகனும் நான்காவது கலீஃபாவுமாகிய ஹஜ்ரத் அலி அவர்களுடைய சேனையும், சிரியாவின் ஆளுநராயிருந்த முஆவியாவின் சேனையும் எதிரெதிரே நின்று பொருதன. போரின் நடுவே முஆவியாவின் வீரர்கள் ஈட்டி முனைகளில் குர்ஆன் ஏடுகளைக் கட்டி உயர்த்தி, நமக்குள் வேதமே தீர்ப்புச் சொல்லட்டும் என்று கூவினார்கள். மத்தியஸ்தத்துக்கு அலி இணங்கினார். இணங்கிய மாத்திரத்தில் அவருடைய சொந்தச் சேனையிலிருந்தே ஒரு கூட்டம் பிரிந்தது. தீர்ப்பு இறைவன் ஒருவனுக்கே உரியது, மனிதரை மத்தியஸ்தராக வைத்தது இறைநிராகரிப்பு என்பது அவர்களுடைய முழக்கம். கவாரிஜ்கள் என்று இஸ்லாமிய சரித்திரம் குறிப்பிடுவது அவர்களைத்தான். அந்த முழக்கத்தைச் செவியுற்ற அலி, அவர்கள் சொல்லுகிற சொல் சத்தியமானது, அதைக் கொண்டு அவர்கள் நாடுவது அசத்தியம் என்று மறுமொழி கூறியதாகவும், இரண்டு அட்டைகளுக்கு இடையே இருக்கிற ஏடு தானாக வாய் திறந்து பேசுவதில்லை, அதன் சார்பிலே பேசுகிறவர்கள் மனிதர்களே என்று விளக்கியதாகவும் பழைய ஆசிரியர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். மத வெறி என்னும் நோயின் வேர் எங்கே இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு வாக்கியத்தை நான் அறியேன். இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதப்பட்ட உரை என்றே நீங்கள் கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்தாரை ஒழுக்கமற்ற கொள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இரவெல்லாம் தொழுதவர்கள், நோன்பினால் மெலிந்தவர்கள், குர்ஆனை மனப்பாடமாக ஓதியவர்கள் அவர்கள். தபரீ என்னும் பெரிய சரித்திர ஆசிரியர் அவர்களைப் பற்றி ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். நபித் தோழர் ஒருவருடைய புதல்வரான அப்துல்லாஹ் இப்னு கப்பாப் என்பவரையும், கர்ப்பவதியாயிருந்த அவருடைய மனைவியையும் வழியில் பிடித்து அவர்கள் அழைத்துச் செல்லுகையில், மரத்திலிருந்து உதிர்ந்து கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தை ஒருவன் எடுத்து வாயில் போட்டானாம். விலை கொடுக்காமல், உரியவனுடைய அனுமதியில்லாமல் உண்பதா என்று மற்றவர்கள் அவனைக் கடிந்துகொள்ள, அவன் உடனே அதைத் துப்பிவிட்டானாம். பிற மதத்தவன் ஒருவனுடைய பன்றியை ஒருவன் வெட்டிவிட்டதற்காக, உரியவனைத் தேடிப்போய் ஈடு செய்தார்களாம். இவ்வளவும் செய்தவர்கள், அதே பயணத்தில், அந்த அப்துல்லாஹ்வை ஆற்றங்கரையில் கிடத்திக் கழுத்தை அறுத்தார்கள். அந்தப் பெண்ணின் வயிற்றையும் கிழித்தார்கள். பேரீச்சம்பழத்தின் விஷயத்தில் அவ்வளவு கூர்மையாயிருந்த மனச்சாட்சி, நிறைமாத வயிற்றின் முன்னால் எங்கே போயிற்று? அது எங்கும் போகவில்லை. அவர் தங்களைப் போல் நம்பவில்லை, ஆகவே காஃபிராகிவிட்டார், காஃபிராகிவிட்டவரின் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று தாங்களே ஒரு வியாக்கியானத்தைச் செய்துகொண்டு, அதை இறைவனுடைய ஆக்ஞை என்று தாங்களே நம்பிவிட்டபடியால், மனச்சாட்சி பேச வேண்டிய இடத்தில் அதற்குப் பேச வாயில்லாமற் போயிற்று. ஸிஃப்பீன் போருக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 661இல், கூஃபா நகரத்துப் பள்ளிவாசலில், தொழுகைக்கு வந்த அலி அவர்களையே விஷம் தோய்த்த வாளால் வெட்டியவனும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நான் வியாக்கியானம் செய்கிறேன், இது என் அபிப்பிராயம், இதில் நான் தவறவும் கூடும் என்று எந்த வெறியனும் சொல்லமாட்டான். நான் எதையும் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே நிறைவேற்றுகிறேன் என்றுதான் அவன் சொல்லுவான். அந்த ஒரே சொல்லினால் அவன் இரண்டு காரியங்களைச் சாதிக்கிறான்: தான் தெரிந்தெடுத்த பொருளுக்குத் தெய்வத்தின் அதிகாரத்தை ஏற்றிவிடுகிறான், தன் கையிலுள்ள இரத்தத்தின் பொறுப்பைத் தெய்வத்தின்மேல் இறக்கிவிடுகிறான். இதைவிடப் பெரிய தெய்வ நிந்தனை ஒன்று இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

இது அரபு நாட்டுக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் என்று கிறிஸ்தவ அன்பர்கள் நிம்மதியடைய வேண்டாம். ஐரோப்பாவின் கதை இன்னும் நீளமானது.

இயேசுநாதர் சொன்ன உவமைகளில் இரண்டை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். லூக்கா சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் ஒரு மனிதன் பெரிய விருந்து ஏற்பாடு செய்கிறான். அழைக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு சாக்குச் சொல்லி வராமற்போகவே, வழிகளிலும் வேலியோரங்களிலும் இருக்கிறவர்களைக் கட்டாயப்படுத்தி உள்ளே வரச்செய்து, வீடு நிறையச் செய் என்று ஊழியக்காரனுக்குக் கட்டளையிடுகிறான். மத்தேயு சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில், கோதுமை விதைத்த நிலத்தில் சத்துரு இரவிலே களை விதைத்துவிட்டுப் போகிறான். களையைப் பிடுங்கிப்போடட்டுமா என்று வேலைக்காரர் கேட்க, வேண்டாம், களையைப் பிடுங்கும்போது கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள், அறுப்புக் காலம்வரை இரண்டும் சேர்ந்தே வளரட்டும் என்று எஜமான் தடுக்கிறான். இரண்டும் ஒரே போதகரின் வாக்கு. அவற்றில் ஒன்று விருந்தைப் பற்றியது. மற்றொன்று, தவறான விசுவாசமுடையவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஏறக்குறைய நேரான விடை. இவற்றில் எதைக் கொண்டு திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சட்டம் செய்தது தெரியுமா? விருந்தைக் கொண்டு.

அதைத் தொடங்கிவைத்தவர் ஒரு கொடியவர் அல்லர். அதுவே இந்தச் சரித்திரத்தின் வேதனை. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரையிலுள்ள ஹிப்போ நகரத்து ஆயராயிருந்த புனித அகுஸ்தீனார், கிறிஸ்தவ உலகம் பெற்றெடுத்த மாபெரும் சிந்தனையாளர்களில் ஒருவர். அந்த நாட்டிலே தொனாத்தியர் என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். ரோமச் சக்கரவர்த்தியின் துன்புறுத்தலுக்கு அஞ்சி வேதப் புஸ்தகங்களை ஒப்புக்கொடுத்த குருக்களை ஏற்கமாட்டோம் என்று பிரிந்தவர்கள். அவர்களை எவ்வாறு திரும்பச் சேர்ப்பது என்ற கேள்வியில், வாதத்தினால் வெல்ல வேண்டும், அறிவினால் இணங்கச் செய்ய வேண்டும், எவரையும் பலவந்தப்படுத்தலாகாது என்பதே அகுஸ்தீனாரின் ஆதி அபிப்பிராயம். 408ஆம் ஆண்டளவில் எழுதிய ஒரு நிருபத்தில், தாம் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டதையும், மாற்றியது எது என்பதையும் அவரே ஒளிக்காமல் சொல்லுகிறார்: சக்கரவர்த்தியின் சட்டங்களுக்கு அஞ்சி ஊர் ஊராக ஜனங்கள் திரும்பி வந்ததைக் கண்டார், பயம் பலன் தருகிறதே என்று எண்ணினார். எண்ணியபின் வேதத்திலே அதற்கு ஆதாரம் தேடினார். விருந்து வீட்டு எஜமானின் வார்த்தை அகப்பட்டது. பலன் முதலில் வந்தது, வசனம் பின்னால் வந்தது என்பதை நீங்கள் மறக்கலாகாது. மரண தண்டனை கூடாது, சித்திரவதை கூடாது என்று அதிகாரிகளுக்கு அவர் மன்றாடி எழுதியதும் உண்மை. ஆனால் கதவை ஒருவர் ஒரு சாண் திறந்தால், பின்னால் வருகிறவர்கள் அதை முழுவதும் திறந்துவிடுகிறார்கள். எண்ணூறு ஆண்டுகள் கழித்து புனித தோமா அக்குயினார், கள்ள நாணயம் செய்கிறவனுக்கு மரணம் விதிக்கலாமென்றால் விசுவாசத்தைக் கெடுக்கிற பதிதனுக்கு விதிப்பது அதனினும் நியாயம் என்று எழுதினார்; கோதுமைக்குச் சேதம் வருமென்ற அச்சமில்லாதபோது களையைப் பிடுங்குவதற்கு உவமையில் தடையில்லை என்றும் வியாக்கியானம் செய்தார். பிடுங்காதே என்ற வாக்கியத்திலிருந்து பிடுங்கு என்ற பொருளை வருவித்த இந்தப் பாஷ்யத்தை விட, ஏடு தானாகப் பேசுவதில்லை என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

அகுஸ்தீனாரின் காலத்துக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு தேசத்திலே நடந்ததைக் கேளுங்கள். பதினான்காம் லூயி மன்னன், புராட்டஸ்டண்ட் குடும்பங்களின் வீடுகளில் குதிரைப்படைச் சிப்பாய்களைக் குடியேற்றி, அந்தக் குடும்பம் கத்தோலிக்க மதத்துக்குத் திரும்புகிறவரை அவர்கள் எதையும் செய்யலாமென்று விட்டுவிட்டான். 1685 அக்டோபரில், அவர்களுக்குத் தன் பாட்டனார் காலத்தில் அளிக்கப்பட்டிருந்த மதச் சுதந்திரச் சாசனத்தையே ரத்து செய்தான். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டில் பாரிஸ் நகரில் ஒரு சிறு புஸ்தகம் அச்சாயிற்று. இன்று பிரெஞ்சுத் திருச்சபை செய்வது அன்று ஆப்பிரிக்கத் திருச்சபை செய்ததே என்று காட்டும் பொருட்டு, அகுஸ்தீனாரின் இரண்டு நிருபங்களை மொழிபெயர்த்துச் சேர்த்த புஸ்தகம் அது. ஹிப்போவின் ஆயர் தம் அறையில் விளக்கொளியில் எழுதிய எழுத்து, அவர் பெயரைக்கூடக் கேட்டிராத குடியானவர்களின் வீட்டுக்குள் சிப்பாய்களோடு சேர்ந்து நுழைந்தது.

பியேர் பேல் என்னும் அறிஞர் அப்போது ஹாலந்து தேசத்தில், ரோட்டர்டாம் நகரில் அகதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய எழுத்துக்குப் பழிவாங்க அவரைப் பிடிக்க முடியாதவர்கள், பிரான்சிலே போதகராயிருந்த அவருடைய அண்ணனைப் பிடித்துச் சிறையிலடைத்தார்கள். 1685ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் போர்தோ நகரத்துச் சிறையிலே அந்த அண்ணன் இறந்துபோனார். மறு ஆண்டில் பேல் எழுதிய நூல், விருந்து வீட்டு எஜமானின் அந்த ஒரே வார்த்தைக்கு எழுதிய தத்துவ விரிவுரை. உடன்பிறந்தவனைப் பறிகொடுத்த ஒருவன், பழிக்குப் பழி கேட்காமல், வசனத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று எழுத அமர்ந்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அந்த மனிதனை வணங்குகிறது. அவர் வகுத்த பிரமாணம் மிகச் சுருக்கமானது: ஒரு வசனத்துக்கு எழுத்தின்படி நீ கொள்ளும் பொருள் உன்னைப் பாதகம் செய்யக் கடமைப்படுத்துமானால், அந்தப் பொருள் பொய்யான பொருள். திருடுவதும் கொல்லுவதும் பொய்ச்சத்தியம் செய்விப்பதும் பாவமென்று உன் உள்ளத்தில் எழுதிய அதே கடவுள், அவற்றைச் செய்யும்படி ஏட்டிலே எழுதியிருக்க மாட்டார். கத்தோலிக்கருக்கு மட்டுமன்றித் தம் சொந்தப் புராட்டஸ்டண்ட் கூட்டத்தாருக்கும், யூதருக்கும், முஸ்லிம்களுக்கும், எல்லோருக்கும் ஒரே அளவாக இந்த நியாயத்தை அவர் நீட்டினபடியால், சொந்தக் கூட்டத்தாரே அவரை வெறுத்தார்கள்.

துன்புறுத்தப்பட்டவர்கள் அதிகாரம் கிடைத்தவுடன் துன்புறுத்தினார்கள் என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதியே. மிக்கேல் செர்வெத்து என்னும் ஸ்பானிய வைத்தியர், நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றி வருவதை எழுதிய அறிவாளி, திரித்துவக் கொள்கையை மறுத்ததற்காக வியென் நகரில் கத்தோலிக்கர்களால் உருவ பொம்மையாக எரிக்கப்பட்டார்; அங்கிருந்து தப்பி ஜெனீவாவுக்கு வந்தவரை, 1553 அக்டோபர் 27இல், புராட்டஸ்டண்ட் தலைவர் கால்வினுடைய சீர்திருத்த நகரம் உயிரோடு எரித்தது. அவரைக் கொன்றது தவறென்று மறு ஆண்டே செபஸ்தியான் கஸ்தெல்லியோ என்னும் ஏழை ஆசிரியர் புனைபெயரில் புஸ்தகம் வெளியிட்டார். பதிதன் யார் என்று நெடுநாள் ஆராய்ந்தும், நம்மோடு ஒத்துப்போகாதவனைத்தான் நாம் அவ்வாறு அழைக்கிறோம் என்பதைத் தவிர வேறெதையும் தம்மால் காண முடியவில்லை என்பது அவருடைய முடிவு. நம் அண்டையிலுள்ள மலையாள நாட்டில், 1599ஆம் ஆண்டு உதயம்பேரூர் மாமன்றத்தை ஒட்டி, ஆதிக் கிறிஸ்தவர்களின் சுரியானி ஏடுகளைப் போர்த்துகீசிய அதிகாரிகள் கொளுத்தினார்கள். இன்றைக்கு எந்தப் பண்டிதனாலும் அவற்றை மீட்டுத்தர முடியாது. இவையெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு ஒன்று சொல்லுவேன்: 1994இல் அமெரிக்காவின் பென்சகோலா நகரில், கருக்கலைப்புச் செய்த ஒரு வைத்தியரையும் அவருக்குத் துணையாக வந்த முதியவரையும் சுட்டுக் கொன்ற பால் ஹில், ஒருகாலத்தில் போதகராக அபிஷேகம் பெற்றவன், கொலையைக் கடமையென்று வேத வசனத்தைக் கொண்டு வாதித்தவன், அதற்காக முன்னரே அவனுடைய சபையே அவனை விலக்கியிருந்தது.

இனி முஸ்லிம் அன்பர்களே, உங்களிடம் வருகிறேன். திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயமாகிய சூரத்துத் தவ்பாவின் 5ஆம் வசனத்தை, உங்கள் மார்க்கத்தை வெறுக்கிறவர்களும் அறிவார்கள், உங்கள் மார்க்கத்தின் பெயரால் கொலை செய்கிறவர்களும் அறிவார்கள். புனித மாதங்கள் கழிந்தபின் இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லுமாறு கூறுகிற வசனம் அது. அதற்கு முந்திய 4ஆம் வசனம், உடன்படிக்கையைக் காத்து நடந்த இணைவைப்போரை அதிலிருந்து விலக்கி, அவர்களுக்குக் கொடுத்த வாக்கைத் தவணை முடியும்வரை நிறைவேற்றச் சொல்லுகிறது. அடுத்த 6ஆம் வசனம், இணைவைப்பவரில் ஒருவர் அபயம் கேட்டு வந்தால், அவருக்கு அபயமளித்து, இறைவாக்கைச் செவியுறச் செய்து, பின் அவருக்குப் பாதுகாப்பான இடத்திலே கொண்டுபோய்ச் சேர்க்குமாறு கட்டளையிடுகிறது. மதம் மாறினால்தான் அபயம் என்று அங்கே நிபந்தனையில்லை. முன்னும் பின்னும் இரண்டு காவலர் நிற்கிறதுபோல் நிற்கிற இந்த வசனங்களை வெட்டியெறிந்துவிட்டு, நடுவிலிருப்பதை மட்டும் உருவியெடுக்கிறவன், எழுதியிருக்கிறபடியே செய்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்லுகிறான்?

ஆனால் நேர்மை கருதி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் உங்களை மகிழ்விக்க வந்தவனாவேன். அந்த வசனத்தைத் தனியே பிரித்தவர்கள் நேற்று முளைத்த வெறியர்கள் மட்டுமல்லர். பிந்தி இறங்கிய வசனம் முந்தி இறங்கிய வசனத்தை மாற்றிவிடும் என்னும் நஸ்கு என்ற கோட்பாட்டின்படி, பொறுமையையும் மன்னிப்பையும் போதிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வசனங்களை இந்த ஒரே வசனம் ரத்து செய்துவிட்டது என்று எழுதிய பெரிய ஆலிம்கள் இருந்தார்கள். மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்ற வசனத்தையும் அப்பட்டியலில் சேர்த்தவர்கள் உண்டு. மறுபுறம், பதினைந்தாம் நூற்றாண்டில் எகிப்தின் சுயூத்தி, மாற்றப்பட்ட வசனங்கள் இருபதளவே என்று குறைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் நம் தில்லி நகரத்து ஷா வலியுல்லாஹ், ஐந்துக்கு மேல் இல்லை என்று நிறுவினார். ஒரே குர்ஆன், ஒருவருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வசனம் செயலற்றுப் போகிறது, மற்றொருவருக்கு ஐந்தே போகிறது. இவர்கள் அனைவரும் பக்திமான்கள், அரபு இலக்கணத்தில் வல்லவர்கள். அப்படியானால் வாசிக்கிறவனுடைய தெரிவு என்று ஒன்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதானே தீர வேண்டும்?

அந்தத் தெரிவை வெளிப்படையாகச் செய்த ஒரு மனிதரை நாம் தூக்கிலிட்டோம். நாம் என்று மனித குலத்தைச் சொல்லுகிறேன். சூடான் தேசத்து மஹ்மூத் முஹம்மத் தாஹா, தொழிலால் ஒரு பொறியாளர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே சிறை கண்ட தேசபக்தர். மக்காவிலே இறங்கிய வசனங்களில்தான் இஸ்லாத்தின் நித்தியமான செய்தி, அதாவது மனிதர் யாவரும் சமம், மனச்சாட்சிக்குச் சுதந்திரம் உண்டு என்னும் செய்தி இருக்கிறது; மதீனாவிலே இறங்கிய போர் விதிகளும் ஆட்சி விதிகளும் அந்தக் காலத்து ஜனங்களின் நிலைக்கு ஏற்ப அருளப்பட்டவை; இந்த யுகத்தின் சட்டம் மக்கா வசனங்களின்மேல் எழுப்பப்பட வேண்டும் என்று 1967இல் வெளியிட்ட நூலில் அவர் வாதித்தார். நஸ்கு என்ற பழைய கோட்பாட்டை அவர் மறுக்கவில்லை. அதன் திசையைத் திருப்பினார். 1983இல் சூடானின் அதிபர் நிமேரி ஷரீஅத் சட்டங்களை அறிவித்தார். இந்த நிமேரி இடதுசாரிகளின் துணையோடு ஆட்சியைப் பிடித்தவர். 1972இல் முஸ்லிமல்லாதார் மிகுந்த தெற்குப் பகுதியோடு சமாதான உடன்படிக்கை செய்தவர். செல்வாக்கு சரிந்து நாற்காலி ஆடத் தொடங்கிய பிறகு வேதத்தைப் பற்றிக்கொண்டவர். ஹிப்போவில் பலன் முதலில் வந்தது, வசனம் பின்னால் வந்தது என்று சொன்னேனே, சூடானின் கார்த்தூமிலும் அப்படியே. அந்தச் சட்டங்கள் இஸ்லாத்தைக் களங்கப்படுத்துகின்றன, தேசத்தைப் பிளக்கின்றன, தெற்கிலே இரத்தம் சிந்துவதை நிறுத்துங்கள் என்று 1984 டிசம்பரில் தாஹாவும் அவருடைய தோழர்களும் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார்கள். அதற்காகக் கைதாகி, அவசர விசாரணையில், முர்த்தத், அதாவது மார்க்கம் துறந்தவர், என்ற குற்றமும் மேல்நீதிமன்றத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டு, 1985 ஜனவரி 18, வெள்ளிக்கிழமையன்று, எழுபது வயதைக் கடந்த அந்த முதியவர் கூபர் சிறைச்சாலையில் ஜனக்கூட்டத்தின் முன் தூக்கிலிடப்பட்டார். அடக்கம் செய்த இடம் தெரியக் கூடாது என்று உடலைப் பாலைவனத்துக்கு எடுத்துச் சென்றார்கள். எண்பது நாட்களுக்குள் நிமேரியின் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டே சூடானின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைச் செல்லாதென்று அறிவித்தது. தீர்ப்பு ரத்தாகலாம், தூக்குக் கயிற்றை ரத்து செய்ய எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது.

அதே காலத்தில் எகிப்திலே அப்துஸ் ஸலாம் ஃபரஜ் என்ற இன்னொரு பொறியாளன் மறக்கப்பட்ட கடமை என்ற பெயரில் ஒரு சிறு நூலெழுதி, தன் நாட்டு ஆட்சியாளரைக் கொல்லுவது மார்க்கக் கடமை என்றான். 1981 அக்டோபர் 6இல் அதிபர் அன்வர் சாதாத் சுட்டுக் கொல்லப்பட்டார். கெய்ரோ பல்கலைக்கழகத்தின் நஸ்ர் ஹாமித் அபூ ஸைத், குர்ஆனை அது இறங்கிய காலத்தின் மொழியோடும் வாழ்வோடும் வைத்து வாசிக்க வேண்டுமென்று எழுதியதற்காக, 1995இல் எகிப்திய நீதிமன்றம் அவரை மார்க்கம் துறந்தவர் என்று தீர்ப்பளித்து, அவர் கேட்காமலே அவருடைய திருமணத்தை முறித்தது; தம்பதிகள் ஹாலந்துக்கு ஓடிப்போனார்கள். கொல்லச் சொல்லி வாசிக்கிறவனுடைய நூல் கைக்குக் கை பரவுகிறது. கொல்லாதே என்று வாசிக்கிறவனுக்குக் கயிறும் பரதேச வாசமும் கிடைக்கிறது. இந்த நிலையைக் கண்டும் வாய் திறவாத பெரியவர்களைத்தான் நான் குற்றஞ்சாட்டுகிறேன்.

அவர்களோடு சேர்த்து இன்னொரு சாராரையும் குற்றஞ்சாட்டுகிறேன். முஸ்லிம்களைத் துவேஷிப்பதற்காகவே அந்த 5ஆம் வசனத்தை மேடைக்கு மேடை ஓதிக்காட்டி, இதுதான் இஸ்லாம் என்று கூவுகிறவர்கள், அபயமளிக்கச் சொல்லும் 6ஆம் வசனத்தைக் கொலைகாரனைப் போலவே மறைக்கிறார்கள். தாஹாவைத் தூக்கிலிட்டவன் கொண்ட பொருளே சரியான பொருளென்று சாட்சி சொல்லுகிறார்கள். கொலைகாரனுக்கு இவர்களைவிட நல்ல சீடர்கள் கிடைக்கமாட்டார்கள்.

தூரதேசத்துக் கதைகளோடு நிறுத்திக்கொள்ள எனக்கு உரிமையில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஓட்டல்களிலும் வெடித்த குண்டுகள் 250க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. சீயோனில் மாண்டவர்களில் பலர் குழந்தைகள். அதற்குத் தலைமை தாங்கிய காத்தான்குடி ஸஹ்ரான் ஹாஷிம் தன் பிரசங்கங்களைச் செய்தது அரபியிலே அல்ல, ஆங்கிலத்திலே அல்ல, நம்முடைய தமிழிலே. நம் தாய்மார்கள் தாலாட்டுகிற அதே மொழியிலே, கொலை வேத கட்டளையென்று விளக்கப்பட்டது. அவன் கூட்டத்தின் கை முதலில் ஓங்கியது கிறிஸ்தவர்மேலும் அன்று; 2017லேயே சொந்த ஊரில் சூஃபி வழியைப் பின்பற்றும் முஸ்லிம்களோடு அது மோதியது. அந்த ஊர் முஸ்லிம்கள் அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். முறையீடு கேட்பாரற்றுக் கிடந்தது. குண்டு வைத்தவர்களின் உடல்களை எங்கள் மையவாடிகளில் அடக்க இடந்தரமாட்டோம் என்று இலங்கையின் உலமாக்கள் அறிவித்தார்கள். அப்படியிருந்தும் அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் குற்றமறியாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

மாற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அகுஸ்தீனாரின் நிருபத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரேனும், 1965 டிசம்பர் 7இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம், மத விஷயத்தில் எவரையும் பலவந்தப்படுத்தலாகாது என்று பிரகடனம் செய்தது. தாஹாவைத் தூக்கிலிட்ட சூடான், 2020ஆம் ஆண்டில் முர்த்தத்துக்கு மரண தண்டனை என்னும் சட்டத்தை நீக்கியது. வேதத்தின் ஓர் எழுத்தும் இதனால் அழியவில்லை, வாசித்தவர்கள் மாறினார்கள்.

ஆகவே பள்ளிவாசல்களின் இமாம்களே, உங்களை வேண்டிக்கொள்கிறேன்: வெள்ளிக்கிழமை குத்பாவிலே அந்த 4, 5, 6 ஆகிய மூன்று வசனங்களையும் சேர்த்து ஓதி, நம் தமிழிலேயே விளக்குங்கள்; மார்க்கத்தை விட்டவனைக் கொல்லலாம் என்ற பழைய தீர்ப்பைப் பற்றி இளைஞர்கள் கேட்டால், கேட்டவனை அதட்டாமல் உங்கள் விடையைச் சொல்லுங்கள். குருமார்களே, போதகர்களே, களையும் கோதுமையும் என்ற உவமையைப் பிரசங்கிக்கும் ஞாயிறன்று, அதை மீறி உங்கள் சபைகள் எரித்தவர்களின் பெயரையும் சொல்லுங்கள். தாய்மார்களே, உங்கள் பிள்ளை கேட்கிற பிரசங்கத்தை நீங்களும் கேளுங்கள். வேதம் இப்படிச் சொல்லுகிறது என்று ஒருவன் உங்கள் முன் எழுந்து பிறனொருவன்மேல் கையை ஓங்கச் சொன்னால், சொல்லுகிறது வேதமா நீயா என்று அந்த இடத்திலேயே, அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து நின்று கேளுங்கள்.